மாருதி 800 (1998 மாடல்): சூடானால் வழியில் நிற்கிறது, ஆறினால் கிளம்புகிறது. உதவி வேண்டும்

குளச்சல் கடலோரம்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா வளைகுடாவில் இருந்தபோது விடுமுறைக்கு வந்து 1998-இல் வாங்கிய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, இன்றும் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறது. இப்போது ஓட்டுவது நான். மொத்தமே 1,12,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஆனால் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம் என்பதால் தகரத்தின் வயதை மீட்டரை வைத்துச் சொல்ல முடியாது.

காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும். அம்மாவுக்கு வாரம் ஒருமுறை மார்த்தாண்டத்தில் பிசியோதெரபி. கருங்கல் தாண்டும்வரை ஒரு குறையும் தெரியாது. அதற்குப் பிறகு ஆக்சிலேட்டர் கொடுத்தால் இழுக்காமல் திணறும், இரண்டு மூன்று முறை குலுக்கிவிட்டு ஆஃப் ஆகிவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றும், எடுக்காது. பானட்டைத் திறந்து இருபது நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். போன வாரம் தக்கலை வழியாகப் போனேன், மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

இதுவரை மாற்றியது: பிளக் மூன்று, இக்னிஷன் காயில், கார்புரேட்டர் கிட், கடைசியாக பெட்ரோல் பம்ப். ஒவ்வொரு முறையும் "இதுதான் கம்ப்ளெய்ன்ட், இனி நிற்காது" என்றார்கள். ஒன்பதாயிரம் போய்விட்டது. வண்டியை விற்கும் எண்ணம் இல்லை, அதை மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

ரப்பர் தோட்டம், குலசேகரம்:
அண்ணே, இது வேப்பர் லாக். அம்பாசிடர் காலத்திலிருந்து உள்ள வியாதி. எஞ்சின் சூட்டில் லைனுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்பால் ஆவியை இழுத்துத் தள்ள முடியாது. நாங்கள் பேச்சிப்பாறை ஏற்றத்தில் நின்றால் ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுவிட்டு ஒரு பீடி பிடிப்போம், அதற்குள் எடுத்துவிடும். அடுத்த முறை நின்றால் துணி போட்டுப் பாருங்கள்.

குளச்சல் கடலோரம்:
அண்ணன் இல்லை, அக்கா. பீடியும் இல்லை. துணி போட்டுப் பார்க்கிறேன்.

ரப்பர் தோட்டம், குலசேகரம்:
மன்னிக்கணும் அக்கா. இப்போது நினைத்தால் பெட்ரோல் வாசத்துக்குப் பக்கத்தில் நின்று பீடி பிடித்ததே பெரிய தப்புதான்.

கோட்டாறு ஒயரிங்:
வேப்பர் லாக்காக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சூடானால் செத்து ஆறினால் உயிர் வரும் சாமான் இந்த வண்டியில் இரண்டு மூன்று உண்டு. காயில் அப்படித்தான், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து பொறிக்குச் சிக்னல் கொடுக்கும் பிக்கப்பும் அப்படித்தான். நீங்கள் காயிலை மாற்றினீர்கள் சரி, மாற்றும் முன் யாராவது கரண்ட் வருகிறதா என்று பார்த்தார்களா? ஆறின வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும், பிறகு ஊகத்தில் சாமான் மாற்றுவதுதான் நடக்கும். நின்ற அந்த ஐந்து நிமிடத்தில் பார்த்தால்தான் குற்றவாளி அகப்படுவான்.

டேஷ்போர்டில் ஒரு பழைய பிளக் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றதும் சாவியை ஆஃப் செய்துவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் லிவரைக் கையால் இழுங்கள். உள்ளே பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீச்ச வேண்டும். பீச்சினால் பெட்ரோல் வருகிறது, வறட்சியாக இருந்தால் வரவில்லை. முகத்தை நேராக மேலே நீட்டாதீர்கள். அடுத்து ஃபில்டர் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி பழைய பிளக்கை மாட்டி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினில் படும்படி சாய்த்து வைத்து, கையால் பிடிக்காமல், வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகப் பொறி வந்தால் கரண்ட் பக்கம் குற்றம் இல்லை. பெட்ரோல் சிந்தி வாசம் வந்தால் பொறி பார்க்கும் வேலையே வேண்டாம்.

இன்னொன்று. நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிறதா கேளுங்கள். மூடித் துவாரம் அடைத்திருந்தாலும் இதே மாதிரிதான் நிற்கும்.

களியக்காவிளை பார்டர்:
27 வருஷ வண்டிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்? இப்போது எல்லா பங்க்கிலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான், பழைய ரப்பர் எல்லாம் அதில் போய்விடும். டெல்லியில் 15 வருஷம் ஆன பெட்ரோல் வண்டியை ஓட்டவே விடுவதில்லையாம், இங்கேயும் வந்துவிடும். ஸ்கிராப்புக்குக் கொடுங்கள்.

முப்பந்தல் காத்து:
விற்கச் சொல்லாதீர்கள் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுப்பாடு டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு மட்டும். இங்கே 15 வருஷம் முடிந்தால் ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்து ஓட்டலாம். இவருக்கு 2013, 2018, 2023-இல் முடிந்திருக்கும், அடுத்தது 2028. கட்டணம்தான் ஏறிவிட்டது. காருக்கு 600 ஆக இருந்ததை 2022-இல் 5,000 ஆக்கினார்கள், 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆக்கினார்கள், பசுமை வரி தனி. அக்கா, இப்போதே மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

இ20 பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும், டேங்க் அடியில் பல வருஷம் படிந்த அழுக்கையும் கிளப்பிவிடும். அதற்கு ஹோஸையும் ஃபில்டரையும் மாற்றினால் போதும், வண்டியையே ஏன் மாற்ற வேண்டும்?

குளச்சல் கடலோரம்:
நேற்று மறுபடி நின்றது, கருங்கலுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி. இந்த முறை எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட, சோதித்துப் பார்க்கலாமே என்று. கூட வந்த மாமா பையன் செல்ஃப் அடித்தான். பொறி நன்றாக, நீலமாக வந்தது. கார்புரேட்டருக்குள் ஒரு சொட்டு பீச்சவில்லை, வறண்ட கிணறு. டேங்க் மூடியில் காற்றுச் சத்தம் இல்லை. ஈரத்துணி போட்டதும் எட்டு நிமிடத்தில் எடுத்தது, வழக்கமாக இருபது ஆகும்.

எழுதும்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. ஃபுல் டேங்க் அடித்த அன்று குளச்சலில் இருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பினோம், நல்ல வெயில், ஒரு தடவைகூட நிற்கவில்லை. பாதிக்குக் கீழே இறங்கும்போதுதான் இந்தத் தொல்லை. அப்புறம் காலையில் ஷெட்டைத் திறந்தால் லேசாகப் பெட்ரோல் வாசம் அடிக்கும், தரையில் சொட்டு எதுவும் இருக்காது.

பழைய பட்டறைக்காரன்:
இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், கடைசி பத்தியைப் படித்ததும்தான் எழுதத் தோன்றியது. மக்களே, பம்ப்பில் குற்றம் இல்லை. டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் எங்கேயோ காற்று இழுக்கிறது.

கார்புரேட்டர் 800-இல் பம்ப் எஞ்சினில் இருக்கும், கேம்ஷாஃப்ட் அதை ஆட்டும். டேங்க் பின்னால். பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற குழாயில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு வருகிற குழாய் அப்படியில்லை, பம்ப் உறிஞ்சுகிற பக்கம் அது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள், இளநீர் ஒழுகாது, வாய்க்குக் காற்றுதான் வரும். டேங்க் நிறைந்திருந்தால் பம்ப் தூக்க வேண்டிய உயரம் குறைவு, சமாளித்துவிடும். பெட்ரோல் இறங்க இறங்க அதிகம் உறிஞ்ச வேண்டும், காற்றும் கூட வரும். அதோடு எஞ்சின் சூடும் சேர்ந்தால் வருகிற கொஞ்சம் பெட்ரோலும் ஆவியாகும். அதனால் ரப்பர் தோட்டம் தம்பி சொன்னதும் தப்பில்லை, ஆனால் அது விளைவு, காரணம் இல்லை. புது பம்ப் போட்டும் நின்றதற்கு இதுதான் காரணம்.

உங்கள் ஊர் வண்டியில் நான் முதலில் பார்க்கிற இடம், அடியில் இரும்புப் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகள். கிளிப்புக்குள் மண்ணும் உப்புத் தண்ணீரும் தேங்கிக் காயவே காயாது. வெளியே பைப் பளபளவென்று இருக்கும், கிளிப்பைக் கழற்றினால் உள்ளே சல்லடை. அடுத்தது டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ், அதை ஒருவரும் மாற்றுவதில்லை, கை எட்டாது.

உறுதி செய்ய: டேங்க்கிலிருந்து வரும் ஹோஸைப் பம்ப்பில் கழற்றிவிட்டு, தரையில் மூடியோடு வைத்த கேனிலிருந்து புது ஹோஸ் ஒன்றைக் கொடுத்து, திறந்தவெளியில் நிறுத்தியபடி அரைமணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். நிற்காமல் ஓடினால் பின்பக்க லைன்தான். இதை நீங்கள் செய்ய வேண்டாம், மெக்கானிக் செய்யட்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். கேனை பானட்டுக்குள் கட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்டுகிற வீரர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு வண்டி எரிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கோட்டாறு ஒயரிங்:
அண்ணாச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஹோஸ் வாங்கும்போது எத்தனாலுக்கு ஏற்ற ஃப்யூயல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், வேக்கம் ஹோஸைத் தலையில் கட்டிவிடுவார்கள். கிளிப்பும் புதிது. 800 உற்பத்தி 2014-இல் நின்றாலும் சாமானுக்குப் பயப்பட வேண்டாம், ஆம்னியிலும் இதே 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின்தான், எஞ்சின் சாமான் நிறைய ஒன்றுக்கொன்று பொருந்தும்.

குளச்சல் கடலோரம்:
கேன் வைத்து நாற்பது நிமிடம் ஓட விட்டார்கள், வெயிலில், ரேடியேட்டர் ஃபேன் இரண்டு மூன்று முறை ஓடி நின்றது, வண்டி அசையவில்லை. பிறகு லிஃப்டில் ஏற்றினார்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள கிளிப்பைக் கழற்றியதும் பைப்பின் துரு அப்படியே செதிலாக உதிர்ந்தது, நடுவில் குண்டூசி முனை அளவு ஓட்டை. டேங்க் பக்கத்து ஹோஸை மடக்கினால் முறுக்கு மாதிரி உடைகிறது. இரும்பு லைன், இரண்டு முனை ஹோஸ், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். ஒன்பதாயிரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

அடியில் முழுக்கக் கறுப்புத் தார் கோட்டிங் அடித்துவிடலாமா என்று பட்டறையில் கேட்டார்கள். அடிக்கலாமா?

பழைய பட்டறைக்காரன்:
துரு மேல் அடிக்காதீர்கள். மேலே கறுப்பாக அழகாக இருக்கும், உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்து இன்னும் வேகமாகத் தின்னும். சுரண்டி, துருவை நிறுத்தும் பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு கோட்டிங். நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அதனால் இந்த வேலைக்கு மாசி பங்குனி நல்லது. கழிவு ஆயிலை அடியில் பீய்ச்சுகிற வழக்கமும் வேண்டாம், ரப்பர் புஷ் ஊதிவிடும், பிரேக்கில் பட்டால் இன்னும் மோசம்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவுங்கள், உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கதவுக்கு அடியில் சின்ன வடிகால் துவாரங்கள் இருக்கும், ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், காற்றாட நிற்கட்டும். ஷெட்டுக்குள் அந்தப் பெட்ரோல் வாசம் மறுபடி வந்தால் வண்டியை எடுக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது?

குளச்சல் கடலோரம்:
பெல்ட் அப்பா காலத்தில், தேதி தெரியாது. அடுத்த மாதம் மாற்றிவிடுகிறேன் அண்ணாச்சி.

மூன்று வாரம் ஆகிறது. மார்த்தாண்டம் மூன்று முறை, நாகர்கோவில் இரண்டு முறை, வேண்டுமென்றே கால் டேங்க்கில் மத்தியானம் ஓட்டினேன், நிற்கவில்லை. ஆனால் லைன் மாற்றிய நாளிலிருந்து பெட்ரோல் கேஜ் முள் எழும்பவே இல்லை, ஃபுல் அடித்தாலும் அடியிலேயே கிடக்கிறது. இது வேறு செலவா?

கோட்டாறு ஒயரிங்:
டேங்க் பக்கம் கை வைத்தார்கள் அல்லவா, உள்ளே பெட்ரோல் மட்டத்தைப் பார்த்து கேஜுக்குச் சொல்லும் ஃப்ளோட் யூனிட்டின் எர்த் ஒயரைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது மாட்டிய இடம் துருவாக இருக்கும். அதே பட்டறைக்குப் போய் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டச் சொல்லுங்கள். காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.