கணவருக்கு ஹெர்பிஸ் டைப் 2, மனைவிக்கு இல்லை: பரவாமல் குழந்தைக்கு முயல்வது எப்படி?

தென்றல்84:
கணவருக்குப் பிறப்புறுப்பில் ஹெர்பிஸ், கொப்புளம் வரவைக்கும் வைரஸ் தொற்று. கொப்புளத்தில் எடுத்த பிசிஆரில் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) டைப் 2 என்று வந்திருக்கிறது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை வரும். மனைவிக்கு இதுவரை எதுவும் இல்லை. அடுத்த வருடம் குழந்தைக்கு முயல எண்ணம். கொப்புளம் இல்லாத நாளில் பயமில்லை என்கிறார் ஒருவர், ஆணுறை போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி? துண்டு, துணி, கழிப்பறை எல்லாம் தனியாக வேண்டுமா?

வேப்பங்காற்று:
இரண்டும் பாதி உண்மை. முதல் தொற்றுக்குப் பிறகு வைரஸ் கீழ்முதுகில் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். அங்கிருந்து அவ்வப்போது நரம்பு வழியே தோலுக்கு இறங்கும். ஒவ்வொரு முறையும் கொப்புளமாகத்தான் தெரியும் என்பதில்லை. நாள்தோறும் தோலைத் தடவி எடுத்துச் சோதித்ததில், அறிகுறி வந்துபோகும் டைப் 2 காரர்களிடம் ஏறக்குறைய 20 சதவீத நாட்களில் வைரஸ் இருந்தது. அறிகுறியே அறியாதவர்களிடம் 10 சதவீதம். "ஒன்றுமே இல்லையே" என்ற நாளில் தொற்றிக்கொண்டவர்களே அதிகம்.

ஆனாலும் வைரஸ் பெருவாரியாக இருப்பது கொப்புள நாட்களில்தான். அது வருவதற்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்பே அந்த இடத்தில் குறுகுறுப்பு, எரிச்சல், சிலருக்குத் தொடையிலோ பிட்டத்திலோ சுண்டி இழுக்கும் வலி வரும். அது தெரிந்ததிலிருந்து பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் மூடும்வரை உறவு வேண்டாம், ஆணுறையோடும் வேண்டாம். பொருக்கு கட்டியதுமே ஆறிவிட்டது என்று நினைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

ஆணுறை ஆபத்தை நன்றாகவே குறைக்கும், அதுவும் ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போவதை. ஆனால் விதைப்பையையும் தொடை இடுக்கையும் அது மூடாது. கொப்புளம் வழக்கமாக எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். ஆணுறைக்கு வெளியே என்றால் அதன் பயன் அந்த அளவுக்குக் குறைவு. தேங்காய் எண்ணெய் படவே கூடாது, லேட்டக்ஸ் சில நிமிடத்தில் வலுவிழந்து கிழியும். தண்ணீர் கலந்த ஜெல்தான் சரி. விந்தணுக்கொல்லி தடவிய ஆணுறையும் வேண்டாம், அது தோலைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழி விடும்.

மருந்துச்சீட்டு:
மாத்திரையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! வாலாசைக்ளோவிர் 500 மில்லிகிராம், தினம் ஒன்று, கொப்புளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒருவருக்கு டைப் 2 இருந்து மற்றவருக்கு இல்லாத 1,484 ஜோடிகளிடம் எட்டு மாதம் சோதித்த ஆய்வு 2004இல் வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களின் துணைகளில் 3.6 சதவீதம் பேருக்குத் தொற்றியது, மருந்து எடுத்தவர்களின் துணைகளில் 1.9. கிட்டத்தட்ட பாதி. ஆணுறையும் சேர்ந்தால் இன்னும் குறையும்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மாற்ற வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு மருத்துவரே எழுதட்டும். கடையில் கேட்டு 800 மில்லிகிராம் அசைக்ளோவிரை ஐந்து வேளை வாங்கி விழுங்குபவர்கள் உண்டு. அது அக்கிக்கு, அதாவது ஹெர்பிஸ் ஸோஸ்டருக்கு எழுதும் அளவு. பெயரில்தான் ஹெர்பிஸ், அது சின்னம்மை வைரஸ். களிம்பை மட்டும் தடவிக்கொண்டு பரவாது என்று நம்புவதும் வீண்.

ஆய்வகவாசல்:
மனைவிக்கு "இல்லை" என்பது எந்தப் பரிசோதனையில்? கொப்புளம் வராததை வைத்துச் சொன்னால் அது கணக்கில்லை. டைப் 1, டைப் 2 இரண்டையும் பிரித்துக் காட்டும் ஐஜிஜி (ரத்தத்தில் எதிர்ப்புப்பொருளைப் பார்க்கும் சோதனை) கேளுங்கள். பல ஆய்வகங்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே எண் தருகின்றன. அதில் பாசிட்டிவ் வந்தால் சிறு வயதில் உதட்டில் வந்த டைப் 1 ஆகவும் இருக்கலாம். டார்ச் பேனலில் (கர்ப்பத்தைப் பாதிக்கும் தொற்றுகளுக்கான ரத்தச் சோதனைத் தொகுப்பு) வரும் ஐஜிஎம் என்ற இன்னொரு எதிர்ப்புப்பொருளைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பழைய தொற்று திரும்பினாலும் அது ஏறும், சம்பந்தமில்லாமலும் ஏறும்.

ஐஜிஜியில் டைப் 2 எண் 1.1க்கும் 3க்கும் நடுவில் வந்தால் பொய்ப் பாசிட்டிவ் நிறைய. வேறு முறையில் உறுதி செய்யாமல் முடிவு கட்டாதீர்கள். கடைசியாகத் தொற்ற வாய்ப்பிருந்த நாளிலிருந்து 12 வாரம் கழியாமல் நெகட்டிவையும் நம்ப முடியாது.

தென்றல்84:
நன்றி. ஆணுறை போட்டால் குழந்தைக்கு எப்படி முயல்வது?

வேப்பங்காற்று:
மாதம் முழுக்க அதைக் கழற்ற வேண்டியதில்லை. கருத்தரிக்கும் வாய்ப்பு, முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான். முட்டை வெளிவருமுன் ஏறும் ஹார்மோனைக் காட்டும் எல்ஹெச் ஸ்ட்ரிப்பில் சிறுநீரைச் சோதித்து, கோடு அடர்ந்ததும் அன்றும் மறுநாளும் மட்டும் ஆணுறை இல்லாமல். அதற்கு முன்பே கணவர் தினசரி மாத்திரையில் இருக்க வேண்டும். குறுகுறுப்பு தெரிந்தால் அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். இந்த மருந்தால் விந்தணு குறைவதாகத் தெரியவில்லை.

கர்ப்பமானதும் மகப்பேறு மருத்துவரிடம் கணவரின் தொற்றை மறைக்காதீர்கள். பழைய தொற்றுள்ள தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குப் போவது 1 சதவீதத்துக்கும் கீழ். பிரசவத்தை ஒட்டி முதன்முறையாகத் தொற்றினால் 30 முதல் 50 சதவீதம், ஏனென்றால் தாயின் எதிர்ப்புப்பொருள் குழந்தைக்குப் போய்ச் சேர நேரம் இருக்காது. ஆகவே கடைசி மூன்று மாதம் உறவே வேண்டாம். யாருக்காவது உதட்டில் கொப்புளம் வருமென்றால் வாய்வழி உறவும் வேண்டாம், டைப் 1 அப்படித்தான் கீழே போகிறது.

மருந்துச்சீட்டு:
துண்டு, கழிப்பறை பற்றி: தனியாக வேண்டாம். உடலுக்கு வெளியே, உலர்ந்த இடத்தில் இந்த வைரஸ் அதிக நேரம் தாங்காது. அதன் மேலுறை கொழுப்பு, சோப்பு பட்டால் கரைந்துவிடும். துணியைச் சேர்த்தே துவைக்கலாம். கொப்புளத்தைத் தொட்ட கையோடு கண்ணைத் தேய்ப்பதும் கான்டாக்ட் லென்ஸ் போடுவதும்தான் ஆகாது. குழந்தை பிறந்தபின் உதட்டில் கொப்புளத்தோடு யார் வந்தாலும், மாமியாரே ஆனாலும், முத்தம் கொடுக்க விடாதீர்கள். பிறந்த சில வாரங்களில் அது மூளைக்கும் கல்லீரலுக்கும் போகும்.