செஃப் கிளஸ்டரில் எழுதும் வேகம் தள்ளாடுகிறது: எந்த எஸ்எஸ்டி வாங்குவது?

கேட்டவர்:
வணக்கம். நான்கு சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 1 டெராபைட் என்விஎம்இ டிரைவ் இரண்டு, 10 கிகாபிட் நெட்வொர்க், தரவுக்கு மூன்று பிரதிகள். எங்கள் மெய்நிகர் கணினிகள் எல்லாம் இந்தச் செஃப் கிளஸ்டரை (பல சர்வர்களின் டிரைவ்களை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் மென்பொருள்) நம்பித்தான் ஓடுகின்றன. டிரைவின் பெட்டியில் 5 லட்சம் ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை முறை எழுதவோ படிக்கவோ முடியும் என்ற எண்) என்று போட்டிருக்கிறது. பெரிய கோப்பை நகலெடுத்தால் முதலில் பறக்கிறது, கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுகிறது. தரவுத்தளத்தில் ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை நிலையாகப் பதிவதற்கு) காத்துக் கிடக்கிறோம். ஓஎஸ்டிகளின் (டிரைவுக்கு ஒன்றாக ஓடும் செஃப்பின் சேமிப்பு நிரல்கள்) கமிட் நேரம் 40 முதல் 90 மில்லிநொடி வரை காட்டுகிறது. நெட்வொர்க்கில் பழுதில்லை, சோதித்துவிட்டேன். இதைவிட வேகமான மாடல் வாங்கினால் தீருமா? கியூஎல்சி வகையில் (ஒரு செல்லில் நான்கு பிட் வைப்பது) கொள்ளளவு அதிகம் கிடைக்கிறது, அதை எடுக்கலாமா?

மறுமொழி 1:
பெட்டியில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள். பல கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்க, டிரைவ் அவற்றைத் தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கிப் போட்டுக்கொள்ளும்போது கிடைக்கும் எண் அது. செஃப்பில் டிரைவில் எழுதும் பகுதியான புளூஸ்டோர், எழுதியதை உறுதிசெய்வதற்கு முன் டிரைவிடம் ஃப்ளஷ் கேட்கும், அதாவது தற்காலிக நினைவகத்தில் இருப்பதை நிலையாக்கச் சொல்லும். சாதாரணக் கணினிக்கான டிரைவ் அப்போது கையில் இருப்பதை தரவு நிலையாகத் தங்கும் நாண்ட் சில்லில் இறக்கி முடித்த பிறகுதான் பதில் சொல்ல முடியும். சர்வர் வகை டிரைவில் மின்தேக்கிகள் இருக்கும். மின்சாரம் போனாலும் மிச்சத்தை எழுதி முடிக்க அந்த மின்னூட்டம் போதும். ஆகவே அது ஃப்ளஷ் வந்த கணமே "ஆயிற்று" என்கிறது. நீங்கள் தேட வேண்டியது இந்த மின்னிழப்புப் பாதுகாப்பைத்தான்.

ஃபியோ என்ற வேகச் சோதனைக் கருவியில் இப்படிச் சோதியுங்கள்: 4 கிலோபைட், வரிசை ஆழம் 1 (ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை), ஒவ்வொரு எழுதுதலுக்கும் ஒரு எஃப்சிங்க் (ஃப்ளஷ் கேட்கும் அழைப்பு). ஆனால் கவனம்! டிரைவை நேரடியாகச் சோதித்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். ஒரு ஓஎஸ்டியை வெளியே எடுத்து, தரவு முழுவதும் மற்றவற்றுக்கு நகர்ந்து, கிளஸ்டர் நலமாக இருப்பதாகச் சொன்ன பிறகே தொடுங்கள்.

கேட்டவர்:
அப்படியே செய்தேன். 420 ஐஓபிஎஸ். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தும் அதே நிலைதான். 5 லட்சம் எங்கே, 420 எங்கே! ஒன்று கேட்கிறேன்: மூன்று பிரதிகள் இருக்கும்போது ஃப்ளஷைப் புறக்கணிக்கும்படி அமைத்தால் என்ன? ஒரு பிரதி போனாலும் இரண்டு இருக்குமே.

மறுமொழி 2:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு டிரைவ் சாவதற்குத்தான் மூன்று பிரதிகள் காவல். மின்சாரம் போவது அப்படியல்ல. மூன்று பிரதிகளும் ஒரே மின்இணைப்பில் இருந்தால் மூன்றும் ஒரே நொடியில் விழும். வாடிக்கையாளரிடம் "எழுதிவிட்டேன்" என்று சொன்ன தரவு எங்குமே இருக்காது.

நல்ல டிரைவ் ஒன்றை மட்டும் வாங்கி அதில் புளூஸ்டோரின் வால் (எழுதுவதை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு), டிபி (எது எங்கே என்ற விவரங்களின் தரவுத்தளம்) பகுதிகளை வைக்கலாமா என்று அடுத்துத் தோன்றும். ஓரளவு உதவும். ஆனால் பெரிய எழுதுதல்கள் முதன்மை டிரைவுக்கே போகும், அங்கேயும் ஃப்ளஷ் உண்டு. தவிர, அந்த ஒரு டிரைவ் போனால் அதை நம்பியிருக்கும் எல்லா ஓஎஸ்டிகளும் சேர்ந்தே போகும்.

கியூஎல்சி பற்றி: உங்கள் மெய்நிகர் கணினிகளுக்கு வேண்டாம். நகலெடுக்கும்போது படுத்துவிடுகிறது என்றீர்களே, அது எஸ்எல்சி கேஷ் (செல்லுக்கு ஒரே பிட் வைத்து வேகமாக எழுதும் தற்காலிகப் பகுதி) தீர்ந்துபோகும் இடம். கியூஎல்சியில் அந்தச் சரிவு இன்னும் செங்குத்தாக இருக்கும். பெரும்பாலும் படிக்க மட்டுமே பயன்படும் தரவுக்கு அது பொருந்தும்.

மறுமொழி 3:
ஆயுளையும் பாருங்கள். 1 டெராபைட் டிரைவுக்கு 600 டெராபைட் எழுதும் உத்தரவாதம் என்றால், ஐந்து ஆண்டுகளுக்கு நாளொன்றுக்கு அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குதான் எழுதலாம். 1.92 டெராபைட் சர்வர் டிரைவ் 'நாளுக்கு ஒரு முழு எழுதுதல்' வகை என்றால், அதே ஐந்து ஆண்டுகளில் சுமார் 3500 டெராபைட் தாங்கும். டிரைவ் தன் உடல்நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 'பயன்படுத்திய விழுக்காடு' என்ன காட்டுகிறது?

எல்லா டிரைவ்களையும் ஒரே மாடல், ஒரே ஃபர்ம்வேராக (டிரைவின் உள் மென்பொருள்) வாங்க எனக்கு மனம் வராது. 2019-இல் ஒரு பெரிய சர்வர் நிறுவனம், தன் சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துப்போகும் என்று அறிவித்து அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஒரே நாளில் இயக்கிய டிரைவ்கள் என்றால், மூன்று பிரதிகளும் ஒரே நாளில் போயிருக்கும்.

கேட்டவர்:
ஐந்து மாதத்தில் 11 விழுக்காடு தேய்ந்திருக்கிறது. மின்தேக்கி உள்ள டிரைவ்களாக, இரண்டு வெவ்வேறு மாடல்களில் வாங்குகிறோம். சர்வர் சர்வராக மாற்றப்போகிறேன்.

மறுமொழி 1:
ஒன்று சொல்லி வைக்கிறேன், பாதியில் மனம் தளர வேண்டாம். எழுதுதல் மூன்று பிரதிகளிலும் முடிந்த பிறகே உறுதியாகும். மிக மெதுவான பிரதியின் வேகமே உங்கள் வேகம். மூன்று சர்வர்களை மாற்றி ஒன்று பழையதாக நின்றாலும், நான்கில் மூன்று பங்கு எழுதுதல்கள் அந்தப் பழைய சர்வருக்காகக் காத்திருக்கும்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
நீங்கள் சொன்னபடியே நடந்தது. முதல் இரண்டு சர்வர்களை மாற்றியபோது ஒரு மாற்றமும் தெரியவில்லை. மூன்றாவதில் சில கமிட்டுகள் சட்டென்று முடிந்தன, மற்றவை பழையபடியே. நேற்றிரவு நான்காவது சர்வரிலும் தரவு நிரம்பி முடிந்தது. இப்போது எட்டு ஓஎஸ்டிகளிலும் கமிட் நேரம் 1 மில்லிநொடியைத் தாண்டவில்லை. பழைய எட்டு டிரைவ்களையும் சோதனைக் கணினிகளுக்குக் கொடுத்துவிட்டோம். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.