எண்ணூர் முகத்துவாரம்: சென்டினல்-2 படத்தில் கலங்கலை அளப்பது

கழிவெளி_44:
கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் கலங்கல் எந்தெந்த நாளில் எவ்வளவு தூரம் போகிறது என்று 2019 முதல் உள்ள சென்டினல்-2 (ஐரோப்பியச் செயற்கைக்கோள்) படங்களை வைத்துப் பார்க்கிறேன். ஓடு (படத்தை வெட்டித் தரும் சதுரம்) 44பிஎம்வி, லெவல்-2ஏ (வளிமண்டலத் திருத்தம் செய்த படம்), பி4 சிவப்புப் பட்டை. மூன்று சிக்கல். 2022 ஜனவரிக்குப் பிறகு எல்லா எதிரொளிப்பு மதிப்பும் (பட்ட ஒளியில் திரும்பி வரும் பங்கு) ஒரேயடியாக 0.1 ஏறி நிற்கிறது. மே, ஜூன் படங்களில் கடலே வெளுத்துக் கிடக்கிறது. அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீரும் இதிலேயே தெரியுமா?

தூர்வாரி:
அந்த 0.1 தண்ணீரில் இல்லை, கோப்பில் இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் (செயலாக்கப் பதிப்பு 04.00) எண்களோடு 1000 கூட்டித்தான் தருகிறார்கள். முதலில் 1000 கழித்து, பிறகு 10000-ஆல் வகுக்க வேண்டும். கூகுள் எர்த் எஞ்சினில் (படங்களை இணையத்திலேயே அலசும் தளம்) ‘ஹார்மனைஸ்டு’ தொகுப்பை எடுத்திருந்தால் ஏற்கெனவே கழித்திருக்கும், மறுபடி கழித்துவிடாதீர்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய தப்பு லெவல்-2ஏ. அதன் வளிமண்டலத் திருத்தம் நிலத்துக்காகச் செய்தது. நீரிலிருந்து திரும்பும் ஒளி மிகக் குறைவு என்பதால் அங்கே சின்னப் பிழையும் பூதமாகிவிடும். லெவல்-1சி (வளிமண்டலத் திருத்தம் செய்யாத படம்) இறக்கி அகோலைட்டில் (நீர்ப்பரப்புக்கான திருத்த மென்பொருள்) ஓட்டுங்கள். அது 1000-ஐயும் தானே பார்த்துக்கொள்ளும். வெட்டும் பகுதி சிறியது என்றால் தூசுப் படல மதிப்பீட்டை ‘ஃபிக்ஸ்டு’ (முழுப் பகுதிக்கும் ஒரே மதிப்பு) என்று வையுங்கள்.

பி4 மட்டும் போதாது. கலங்கல் கூடக்கூடச் சிவப்புப் பட்டை ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. மழை வெள்ளத்தன்று சேற்றுத் தண்ணீரும் சுமாரான கலங்கலும் ஒன்றுபோலத் தெரியும். டோக்லியாட்டி முறையில் (கலங்கலைக் கணக்கிடும் ஒரு வழி) சிவப்பின் எதிரொளிப்பு 0.05 வரை சிவப்பு, 0.07-க்கு மேல் 865 நானோமீட்டர் (பி8ஏ, அண்மை அகச்சிவப்புப் பட்டை), இடையில் இரண்டும் கலந்து. பி8ஏ-இன் படப்புள்ளி 20 மீட்டர்தான். பரவாயில்லை.

உப்பளம்:
மே, ஜூன் வெளுப்பு சூரியப் பளபளப்பு. 13 பாகை அட்சத்தில் அந்த மாதங்களில் காலை பத்தரைக்கெல்லாம் சூரியன் உச்சிக்குக் கிட்ட வந்துவிடும், அலை முகத்தில் பட்டு நேரே உணரியில் அடிக்கும். பி11-ஐ (குறுஅலை அகச்சிவப்புப் பட்டை) வைத்து ஓரளவு கழிக்கலாம், மோசமான படத்தைத் தூக்கிப் போடுவதே நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வேறு மறைக்கும். ஆண்டு முழுக்கச் சீரான தொடர் கிடைக்காது.

சுடுதண்ணீர் சென்டினல்-2-இல் தெரியாது, வெப்பப் பட்டை கிடையாது. அதற்கு வெப்பப் பட்டை உள்ள அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்தால் 8 நாளுக்கு ஒரு படம். லெவல்-2 வெப்பப் பட்டை எண்ணை 0.00341802-ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வின். கோப்பு 30 மீட்டர் என்று சொல்லும், உண்மையில் உணரி பார்ப்பது 100 மீட்டர். கரை ஓரப் படப்புள்ளியில் சூடேறிய மணலும் கலந்துவிடும், அதைச் சுடுதண்ணீர் என்று எழுதினால் அடுத்த நிமிடமே மறுப்பு வரும். கரையிலிருந்து 150 மீட்டரை வெட்டிவிட்டு, அதே படத்தில் திறந்த கடலோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் சொல்லுங்கள்.

கழிவெளி_44:
நன்றி. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த தண்ணீரையும் வெறும் சேற்றையும் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியுமா?

தூர்வாரி:
இந்த அகலமான பட்டைகளை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. தண்ணீர் எடுத்தே ஆக வேண்டும். செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்பின்னுக்குள் எடுங்கள். ஓதம் திரும்பினால் கழிமுகத்துத் தண்ணீரே வேறு. 0.7 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாளில் வடித்து, 105 டிகிரியில் உலர்த்தி எடை போட வேண்டும். உலர்த்தும் முன் வடிதாளை வாலைவடிநீரால் நன்றாக அலசுங்கள், இல்லாவிட்டால் கடல் உப்பும் எடையில் ஏறிவிடும். பிறகு நுண்ணோக்கியில் பாருங்கள்: உலைச் சாம்பலில் பெரும்பாலும் உருண்டை உருண்டையான கண்ணாடித் துகள், ஆற்று வண்டல் ஒழுங்கற்ற சில்லு.

உப்பளம்:
கலங்கல் போகும் திசையையும் காலத்தோடு பிரித்து எழுதுங்கள். தென்மேற்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் வடக்கே பழவேற்காடு பக்கம், வாடைக் காலத்தில் தெற்கே. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் மெரினா வரை வந்தது அதனால்தான். ஆண்டுச் சராசரி என்று ஒரே படமாகப் போட்டால் இரண்டு திசையும் அடிபட்டுப்போகும்.