போனை நாமே அப்டேட் செய்தவர்கள் சொல்லுங்கள்: பர்மாவின் ரங்கூன், பெகு, மோல்மேன் அனுபவங்கள்

காளிகோவில் பக்கத்து வீடு:
அம்மா போனில் பணம் அனுப்புகிற ஆப் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. ஆண்ட்ராய்டு பழசாம், புதுசு போடச் சொல்கிறது. செட்டிங்ஸில் போய்த் தேடினால் 'உங்கள் போன் புதிய பதிப்பில்தான் இருக்கிறது' என்று வருகிறது. அதே சாம்சங் மாடல் வைத்திருக்கும் சித்திக்கு எப்போதோ வந்துவிட்டது. கடையில் கொடுக்க அம்மாவுக்கு மனசில்லை, தங்கச்சி கல்யாணப் படமெல்லாம் அதில்தான் இருக்கிறது. நீங்களே கையால் போட்டிருந்தால் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

தைஞ்சி சந்தை ரிப்பேர்க்காரன்:
தம்பி, முதலில் எதையும் டவுன்லோட் பண்ணாதீர்கள். சித்திக்கு வந்து அம்மாவுக்கு வராததற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். கம்பெனிகள் அப்டேட்டை ஒரே நாளில் எல்லோருக்கும் விடுவதில்லை. கொஞ்சம் பேருக்கு விட்டுப் பார்த்து, புகார் வரவில்லை என்றால்தான் மற்றவர்களுக்குத் திறப்பார்கள். அதுதான் விஷயம் என்றால் பொறுத்திருந்தால் போதும், தானே வரும்.

இன்னொரு காரணம்தான் நம் ஊரில் அதிகம். இங்கே வாரண்டியோடு கடையில் வாங்கிய போனும் உண்டு, எல்லை ஊரான மியாவடி வழியாகத் தாய்லாந்திலிருந்து வந்ததும் உண்டு, இன்னொரு எல்லை ஊரான மூசே வழியாகச் சீனாவிலிருந்து வந்ததும் உண்டு. மேலே பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் வேறு வேறு நாட்டுக்கானது, அதனால் அப்டேட் வரும் நாளும் வேறு. சாம்சங் என்றால் டயல் பண்ணும் இடத்தில் *#1234# அடித்துப் பாருங்கள். ஏபி (முக்கிய சாஃப்ட்வேர்), சிபி (சிக்னல் பிடிக்கும் பகுதிக்கானது), சிஎஸ்சி (நாட்டுக்கும் நெட்வொர்க்குக்கும் ஏற்ற அமைப்பு) என்று வரிசையாகப் பதிப்பு எண்கள் வரும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஷாவ்மி என்றால் 'போனைப் பற்றி' பக்கத்தில் பதிப்பு எண்ணின் வாலைப் பாருங்கள். சிஎன்எக்ஸ்எம் என்று முடிந்தால் சீனாவுக்கானது, எம்ஐஎக்ஸ்எம் என்றால் உலகப் பொதுவானது. ஷாவ்மி போனுக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். அப்டேட் பக்கத்தில் இருக்கும் லோகோவைப் பத்துத் தடவை தட்டினால், இறக்கி வைத்த ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் வழி திறக்கும். ஆனால் அந்த வாலுக்குப் பொருந்திய ஃபைலாக இருக்க வேண்டும்.

ஒரு கேஸ் சொல்கிறேன். சீனாவுக்கான போன் ஒன்றில், எல்லைப் பக்கத்துக் கடை ஒன்று பூட்லோடரை, அதாவது வேறு சாஃப்ட்வேர் ஏறாமல் தடுக்கும் பூட்டைத் திறந்து குளோபல் சாஃப்ட்வேர் போட்டு விற்றிருக்கிறது. நன்றாகத்தான் ஓடியது. பூட்டு திறந்திருந்தால் சில வங்கி ஆப் ஓடாது என்று எங்கேயோ படித்துவிட்டு, அந்த வீட்டுப் பையன் திரும்பப் பூட்டிவிட்டான். அவ்வளவுதான். 'இந்தப் பதிப்பை இந்தப் போனில் நிறுவ முடியாது' என்ற ஒரு வரியோடு நின்றுவிட்டது. அதை எழுப்பக் கம்பெனி அனுமதி உள்ள கணக்கு வேண்டும், நம் மாதிரி கடைகளிடம் அது கிடையாது. போனைத் திறந்தே வைத்திருந்தால் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று அதற்கே உரிய சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டுப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பூட்டவே கூடாது.

பெகு அண்ணாச்சி:
மேலே சொன்னவர் கரண்டை விட்டுவிட்டாரே! சாம்சங்குக்கு ஓடின் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு சாஃப்ட்வேர் ஏற்றும் புரோகிராம்) வைத்துப் போடுகிறவர்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் செய்யவே செய்யாதீர்கள். எங்கள் தெருவில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும், அந்த முறையும் பேச்சுக்குத்தான். மருமகன் போனுக்கு ஏபி ஃபைல் பாதி ஏறியிருக்கும்போது கம்ப்யூட்டர் அணைந்தது. போனில் பேட்டரி நிறைய இருந்தும் பிரயோஜனமில்லை, அனுப்புகிற பக்கம் செத்துவிட்டதே! பிறகு திரையில் சாஃப்ட்வேர் போடும்போது பிழை என்று ஒரு அறிவிப்பு மட்டும் வந்தது. மருமகள் அழாத குறை. ஆனால் அது செத்த போன் இல்லை. அந்தத் திரை நிற்கும்போதே ஓடின் திரும்பப் பிடிக்கும். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து அனுப்பினோம், எழுந்துவிட்டது. இப்போதெல்லாம் லேப்டாப், அதுவும் முழு சார்ஜில். கேபிளும் போனோடு வந்த கேபிள்தான், சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் டேட்டாவே போகாது.

ஃபைல் சில ஜிபி இருக்கும், இறங்கும் வழியில் நெட் விட்டு விட்டு வந்தால் அரைகுறையாக நிற்கலாம். ஃபைலோடு கொடுத்திருக்கும் செக்சம் எண்ணை (ஃபைல் முழுசாக இறங்கியதா என்று காட்டும் எண்) ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் போடுவேன். சோம்பேறித்தனம் வேண்டாம்.

மோல்மேன் டீச்சர்:
எனக்கு நடந்தது வேறு ரகம். அப்டேட் ஒரு தடங்கலும் இல்லாமல் போனது, அப்புறம்தான் கூத்து. 2019 அக்டோபர் 1ஆம் தேதி அரசாங்கம் யூனிகோடுக்கு (உலகப் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு) மாறச் சொன்னதே, அந்தச் சமயம். அதுவரை நம் ஊரில் பெரும்பாலான போன்களில் பர்மிய எழுத்துக்கு ஸோஜி என்கிற பழைய முறைதான். புதுப் பதிப்பு ஏறியதும் என் போனில் பர்மிய எழுத்து யூனிகோடாகிவிட்டது. பிள்ளைகளின் அம்மாக்கள் வைபரில் அனுப்பிய பழைய செய்தியெல்லாம் உடைந்து போய், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நின்றது. தமிழில் வந்த செய்திக்கு ஒன்றும் ஆகவில்லை. போன் கெட்டுவிட்டது, பழையதையே திரும்பப் போடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

கெடவில்லை. நாம் 'கெ' எழுதினால் கொம்பு முன்னால் தெரியும், ஆனால் யூனிகோடு சேமிப்பது 'க'வை முதலில், கொம்பை அடுத்து. பர்மிய எழுத்திலும் அந்த மாதிரி ஒரு கொம்பு உண்டு. யூனிகோடு அதையும் பின்னால்தான் வைக்கும். ஸோஜியோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முன்னால் வைத்துவிடும். இரண்டும் ஒரே எண் வரிசையைத்தான் பயன்படுத்துகின்றன, அதனால் வந்தது எதுவென்று போனுக்குத் தெரிவதில்லை. நான் பழைய பதிப்புக்குப் போகவில்லை. மாற்றித் தரும் ஆப் ஒன்று போட்டுக்கொண்டேன், குழுவில் எல்லோரையும் யூனிகோடு கீபோர்டுக்கு மாறச் சொல்லி நச்சரித்தேன். ஃபேஸ்புக்கும் அந்த வருஷமே தானாக மாற்றிக் காட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஸோஜியிலேயே தட்டுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் திருத்த முடியாது.

தட்டோன் தம்பி:
நான் ஐபோன். போனில் இடம் இல்லை என்று அப்டேட் இறங்கவே இல்லை. கம்ப்யூட்டரில் செருகி அதன் வழியாகப் போட்டேன், ஃபைல் கம்ப்யூட்டரில் இறங்குவதால் போனில் அவ்வளவு இடம் கேட்கவில்லை. ஃபைல் கையில் இருந்தால் விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அப்டேட் பட்டனைத் தட்டினால் அதையே எடுத்துக்கொள்ளும். பழசுக்குத் திரும்புகிற கதை மட்டும் நடக்காது. ஆப்பிள் தன் பக்கம் பழைய பதிப்புக்குக் கையொப்பமிடுவதை, அதாவது ஏற்ற அனுமதி தருவதை, நிறுத்திவிட்டால் எந்த ஃபைல் வைத்திருந்தும் ஏறாது.

தைஞ்சி சந்தை ரிப்பேர்க்காரன்:
சாம்சங்கிலும் பழசுக்குத் திரும்புவதற்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. பதிப்பு எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். போடப்போகும் ஃபைலில் அது உங்கள் போனில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தால் ஏறாது. அப்புறம் இன்னொன்று, இதுதான் அம்மா படங்களுக்கு முக்கியம். ஃபைலைப் பிரித்தால் உள்ளே சிஎஸ்சி என்று ஒன்றும் ஹோம் சிஎஸ்சி என்று ஒன்றும் இருக்கும். வெறும் சிஎஸ்சி போட்டால் போன் காலி. ஹோம் சிஎஸ்சி போட்டால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். இருந்தாலும் படங்களை வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டே தொடங்குங்கள்.

காளிகோவில் பக்கத்து வீடு:
எல்லோருக்கும் நன்றி. விசாரித்துப் பார்த்தேன், அம்மாவுடையது தாய்லாந்துக்கானது, சித்தியுடையது இங்கே வாங்கியது. தாய்லாந்து ஃபைலையே தேடி எடுத்து, ஐந்தாவது எழுத்தைப் பார்த்து, செக்சம் ஒப்பிட்டு, அண்ணாச்சி சொன்னபடி லேப்டாப்பில் ஹோம் சிஎஸ்சியோடு போட்டேன். போனை அணைத்துவிட்டு, சத்தம் கூட்டுகிற, குறைக்கிற பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்தியபடி கேபிளைச் செருகினால் திரை எச்சரிக்கையோடு நீலமாக வருகிறது. ஒருமுறை சத்தம் கூட்டும் பட்டனைத் தட்டினால் உள்ளே போகிறது. ஏறி முடிந்து முதல் தடவை திறக்க நேரம் எடுத்தது, அவசரப்பட்டு அணைக்கவில்லை. கல்யாணப் படம் எல்லாம் இருக்கிறது, பணம் அனுப்புகிற ஆப்பும் ஓடுகிறது. திரையின் மேலே நேரம் காட்டுவது இடப்பக்கம் போய்விட்டதாம், அதை மட்டும் வலப்பக்கம் கொண்டுவரச் சொல்லி அம்மா நச்சரிக்கிறார். அதற்கு ஏதாவது வழி இருந்தால் எழுதுங்கள் டீச்சர்.