தாய்லாந்து பயணம்: பாத் வாங்குவதா, கார்டு தேய்ப்பதா?

கோவைவாசி:
அடுத்த மாதம் அம்மா, மனைவி, பையனோடு பாங்காக், பட்டாயா போகிறோம். அங்கே செலவுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். என்னிடம் இருப்பது சாதாரண கிரெடிட் கார்டு. வெளிநாட்டில் தேய்த்தால் 3.5 சதவீதம் கட்டணமாம். பரவாயில்லையா?

மலர்ப்பயணி:
அந்த 3.5-ஓடு நிற்காதுங்க. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 4.13, லட்சத்துக்கு 4,130 ரூபாய். இந்தக் கட்டணமே இல்லாத கார்டுகள் இப்போது கிடைக்கின்றன, உடனே விண்ணப்பியுங்கள்.

ரொக்கத்துக்கு நான் இங்கேயே டாலர் வாங்கிக்கொள்வேன், 100 டாலர் தாளாகக் கேட்டு; அங்கே போய் அதைத் தாய்லாந்துப் பணமான பாத்தாக மாற்றுவேன். பாங்காக்கில் சின்னத் தாள்களுக்கு விலை குறைவு. கிழிசல், பேனாக் கீறல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அதனால் எண்ணி வாங்கும்போதே புரட்டிப் பாருங்கள். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படுகிற வங்கிக் கவுண்டரில் மாற்றவே மாற்றாதீர்கள். நகர ரயில் ஏறுகிற அடித்தளத்துக்குப் போங்கள். அங்கே சூப்பர்ரிச் மாதிரி பணம் மாற்றும் கடைகள் இருக்கின்றன, விலை நல்ல வித்தியாசம். பாஸ்போர்ட் கேட்பார்கள். பட்டாயா போகும் அவசரத்திலும் இந்தப் பத்து நிமிடத்தை விடாதீர்கள்.

கோவைவாசி:
நன்றிங்க. ரொக்கம் தீர்ந்தால் ஏடிஎம்மில் எடுக்கலாமா?

மலர்ப்பயணி:
எடுக்கலாம், டெபிட் கார்டில் மட்டும். கிரெடிட் கார்டில் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அங்குள்ள ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாத் போலப் பிடிக்கும். 2,000 பாத் எடுத்தால் அது 11 சதவீதம். 20,000 எடுத்தால் 1.1. அதனால் ஒரே தடவையாக எடுங்கள்.

அப்புறம், இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஏடிஎம் திரையிலும் கடைக்காரர் மெஷினிலும் 'ரூபாயில் கட்டணமா, பாத்தா' என்று கேட்கும். ரூபாய்க் கணக்கு தெரிந்ததாக இருப்பதால் அம்மா மாதிரி பெரியவர்கள் அதைத்தான் அமுக்குவார்கள். எப்போதும் பாத். ரூபாயைத் தொட்டால் மாற்று விலையை அந்த மெஷின்காரர் வைப்பார், நஷ்டம் நமக்கு. கட்டணமில்லாத கார்டு வாங்கியதே வீணாகிவிடும்.

சேலத்துக்காரன்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்துத்தான் வரும். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் போய்த் திறந்து, தினசரி வரம்பையும் பார்த்துவிடுங்கள். ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங்கும் வேண்டும்.