'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' வாசிப்பவர்கள் பகிர்வது

மெட்டாலிக்கா என்ற மெட்டல் பேண்டின் 1991 ஆல்பத்தில் வந்த இந்தப் பாட்டில், கிட்டாரின் முதல் சுற்றுக்கு இடது கை வேண்டியதே இல்லை. ஆறாவது கம்பி, மூன்று, இரண்டு, ஒன்று, திரும்ப இரண்டு, மூன்று. எல்லாம் திறந்த கம்பிகள். சேர்ந்தால் ஈ மைனர் கார்ட். பிக்கை (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) கீழே வைத்துவிட்டு விரலால் மீட்டுங்கள்: கட்டைவிரல் ஆறாவது கம்பிக்கு, அடுத்த மூன்று விரல்களுக்கும் ஆளுக்கொரு கம்பி. பலர் சொதப்புவது எங்கே என்றால், மீட்டிய கையோடு விரலைக் கம்பியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒலி அங்கேயே அடங்கிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கி நிற்கும் அந்த ரீங்காரம் போனால் பாட்டில் தனிமையே இல்லை. பிறகு முதல் கம்பியில் 7ஆம் ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே ஓடும் உலோகக் கட்டை) அழுத்தும்போது விரலின் அடிப்பகுதி இரண்டாவது கம்பியில் உரசும். கட்டைவிரலைக் கிட்டார் கழுத்தின் பின்பக்க நடுவில் வையுங்கள், விரல் வளைந்து நிற்கும்.

*

டிரம்மர்களுக்கு: இது 6/8, அதாவது ஒரு சுற்றுக்கு ஆறு தட்டு. நான்கு தட்டு பழகிய கை, ஆறு தட்டையும் இரண்டிரண்டாக வெட்டப் பார்க்கும். மூன்று மூன்றாக எண்ணுங்கள். காலால் அடிக்கும் கிக் டிரம் 1இல், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம் 4இல். மெட்ரோனோமில் (க்ளிக் ஒலியால் வேகம் காட்டும் கருவி) ஆறு தட்டையும் கேட்டுப் பழகாதீர்கள். 1, 4 இரண்டுக்கு மட்டும் க்ளிக் வைத்து நிமிடத்துக்கு 40இல் தொடங்கி 46க்கு வாருங்கள். க்ளிக்குகளுக்கு நடுவே அவ்வளவு இடம் இருக்கும்போதுதான் அவசரப்படுவது தெரியும். சத்தம் கூடும் இடத்தில் வேகமும் கூடிவிடுவதுதான் மேடையில் அடிக்கடி நடப்பது.

*

பாடுகிறவருக்கு எட்டவில்லை என்று சுருதியை மாற்றினால் மேலே சொன்ன திறந்த கம்பிகள் கையைவிட்டுப் போகும். ஏற்ற வேண்டுமா, கேப்போ (கழுத்தில் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போடுங்கள். இறக்க வேண்டுமா, ஆறு கம்பியையும் சேர்த்து அரை சுருதி இறக்குங்கள். ஒரு முழு சுருதிக்குக் கீழே போனால் ஆறாவது கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் அதிரும். தடித்த கம்பி செட் மாட்ட வேண்டிவரும்.

பாடும் விதம் பற்றியும் ஒன்று. சுற்றுப்பயணத்தில் காதலியைப் பிரிந்திருந்தபோது ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் தனக்காக எழுதிய பாட்டு இது, பேண்டுக்கென்று எழுதியதல்ல. முதல் சரணத்திலேயே உருகிக் கொட்டிவிட்டால் பிறகு ஏற இடமில்லை. மைக்கை 5 செ.மீ. தூரத்தில் வைத்து மெல்லப் பாடுங்கள். கிட்டே போனால் அடித்தொனி திரளும், அதனால் மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுங்கள். ஓங்கிப் பாடும் வரிகளுக்கு ஒரு சாண் பின்னால் வரலாம்.

*

கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் (வயலின் வகை ஒலி) வாசிப்பவர்கள் முதல் சரணத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள், தயவுசெய்து. ஆல்பத்திலேயே மைக்கேல் கேமன் அமைத்த ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் அடங்கித்தான் ஒலிக்கிறது. கிட்டார் சோலோவுக்கான டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) அளவை வீட்டில் முடிவு செய்யாதீர்கள். தனியாகக் கேட்கும்போது பெரிதாகத் தெரியும் அந்த ஒலி, டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் அமுங்கிவிடும். முழு பேண்டும் வாசிக்கும்போது கெயினை (கரகரப்பின் அளவு) குறைத்து, மிட்டை (நடுத்தர அலைவரிசை) கூட்டி, கரகரப்பில்லாத க்ளீன் டோனைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும்படி வையுங்கள்.