21-ம் பெட் மாஸ்டர்

பத்து வருடம் இருக்கும். ஆண்கள் மெடிக்கல் வார்டில் எனக்கு நைட் டியூட்டி. ரிப்போர்ட் கொடுத்த ஈவினிங் சிஸ்டர் சொன்னது இவ்வளவுதான்: "21, சுகர், கால் புண். ராத்திரி எழுந்து தகராறு பண்ணுவார், கையைக் கட்டிடுங்க." ஏற்கெனவே கட்டியிருக்கிறார்கள். காஸ் துணி அழுத்திய தடம் மணிக்கட்டில் சிவப்பாக இருந்தது.

சொல்லி வைத்த மாதிரி மூன்று மணிக்கு எழுந்தார். கட்டிலின் பக்கக் கம்பியைத் தாண்டிக் காலைப் போடுகிறார். இன்சுலின் போடுகிறவர், அந்த நேரத்தில் சுகர் இறங்கியிருக்குமோ என்று முதலில் அதைப் பார்த்தேன். 140. "தாத்தா, படுங்க" என்றால் காதில் வாங்கவே இல்லை.

சரி, கட்ட வேண்டியதுதான் என்று நினைக்கும்போது தரையில் படுத்திருந்த அவர் மனைவி எழுந்தார். "அவருக்கு இது கடை திறக்கிற நேரம் கண்ணு. 40 வருசமா மூணு மணிக்கு அடுப்பு மூட்டுறவரு." பஸ் ஸ்டாண்டில் டீக்கடையாம். ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம், 'மாஸ்டர்'தான்.

"மாஸ்டர், இங்க வாங்க" என்றேன். திரும்பிப் பார்த்தார்.

என் மேஜைக்கு எதிரில் நாற்காலி போட்டு, புண் காலை ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்தேன். ஃப்ளாஸ்கில் இருந்த சர்க்கரை போடாத டீயைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தார். "பழைய தூளையே திரும்பக் கொதிக்க விட்டிருக்கான்." நாலரை மணிக்கு அவராகவே போய்ப் படுத்துவிட்டார்.

'3 மணிக்கு எழுவார். நாற்காலியில் உட்கார வைக்கவும். மாஸ்டர் என்று கூப்பிடவும்' என்று ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதினேன். இன்சார்ஜ் சிஸ்டர் படித்துச் சிரித்தார், ஆனால் அந்த வரியை அடித்துவிடவில்லை. டிஸ்சார்ஜ் வரை அவரை யாரும் கட்டவில்லை.

அப்புறம் எம்.எஸ்சி. படிக்கும்போதுதான் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் டிமென்ஷியா என்ற மறதி நோய் பற்றி ஆராய்ந்த டாம் கிட்வுட்டைத் தெரிந்துகொண்டேன். மூளைக் கோளாறு மட்டுமல்ல, சுற்றியிருப்பவர்கள் நடத்துகிற விதமும் சேர்ந்துதான் ஆளைத் தேய்க்கிறது என்று 1997-ல் எழுதினார். மாஸ்டருக்கு டிமென்ஷியா இல்லை. ஆனாலும் அதைப் படிக்கும்போது அந்த மணிக்கட்டுதான் கண்ணில் நின்றது.

மறுமொழி:

நல்லா எழுதியிருக்கீங்க சிஸ்டர். ஒன்று சேர்க்கிறேன். மெக்கார்மாக், மெக்கான்ஸ் என்ற நர்சிங் ஆய்வாளர்கள் இருவரும் 2006-ல் வெளியிட்ட, நோயாளியை மையமாக வைக்கும் நர்சிங் மாடலின் படத்தில் பராமரிப்புச் சூழலுக்கென்றே தனி வட்டம் உண்டு. வார்டில் போதிய தகுதியோடு ஆள் இருக்கிறதா, நிர்வாகம் துணை நிற்கிறதா என்பதெல்லாம் அதில்தான் வரும். எங்கள் வகுப்பில் நர்சின் கனிவுக்கு ஒரு மணி நேரம், அந்த வட்டத்துக்கு ஐந்து நிமிடம். 46 பெட்டுக்குத் தனியாக நின்ற ஒரு ராத்திரி நானும் ஒரு பாட்டியின் கையைக் கட்டியிருக்கிறேன். அவரும் மூன்று மணிக்குத்தான் எழுந்தார். ஏன் என்று கேட்கவில்லை.